பழைய ரேஞ்ச் ரோவரும் அலுமினியத்துக்கு உள்ளே இருக்கும் கறளும்



இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பழைய வாகனம் வாங்க நினைப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

எம்முடன் ஒரே பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்து ஓய்வுபெற்ற நானா ஒருவர், சென்ற விடுமுறையில் இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். போனைத் திறந்து பத்துப் பன்னிரண்டு படங்களைக் காட்டினார். கரும்பச்சை நிறத்தில் ஒரு ரேஞ்ச் ரோவர். 1997ஆம் ஆண்டு வாகனம். தோல் இருக்கை, மரம் பதித்த டாஷ்போட், பளபளக்கும் பெயின்ட்.

"தம்பி, இந்த விலைக்கு ஒரு சின்ன ஜப்பான் காரும் வராது" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இந்நாட்டில் வாகன விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். திறந்த பிறகும் வரி குறையவில்லை. அப்படியான சந்தையில் இவ்வளவு பெரிய வாகனம் இவ்வளவு மலிவாக வருவதே ஒரு கேள்வி. ஆனால் நானாவின் கண்ணில் அந்தக் கேள்வி இருக்கவில்லை. அவர் கொடுக்கப் போவதோ ஓய்வுபெற்றபோது கையில் கிடைத்த மொத்தப் பணம். கடைசி மகளின் கலியாணமும் இன்னும் முடியவில்லை.

"இரண்டு நாள் பொறுங்கள் நானா, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னோம்.

எமக்கும் இந்த வாகனத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1980களில் எமது ஊர் ஆண்கள் வளைகுடாவுக்குப் போன காலத்தில் வாப்பாவும் ஒரு வீட்டுச் சாரதியாகப் போனார். அங்கிருந்து அனுப்பிய முதல் படத்தில் ஒரு வெள்ளை ரேஞ்ச் ரோவரின் போனட்டில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் பல வருடங்கள் தொங்கியது. ஊரில் பாதிப் பேர் அது வாப்பாவின் சொந்த வாகனம் என்றே நினைத்தார்கள். உம்மாவும் அதைத் திருத்தப் போகவில்லை.

ஊர் திரும்பிய பிறகு வாப்பா அந்த வாகனத்தின் அழகைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னர் தண்ணீர் பார்ப்பது, கீழே குனிந்து ஒயில் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, ஏசியைப் போட்டுக்கொண்டு மணலில் ஏறும்போது வெப்பமானியில் ஒரு கண் வைத்திருப்பது, இவற்றைத்தான் சொல்வார். எந்த வாகனத்தையும் வெளியே பார்த்து நம்பக்கூடாது என்பது அவருடைய பேச்சு.

வரலாறு படிப்பிக்கும் எமக்கு அதன் அர்த்தம் பின்னாளில்தான் விளங்கியது. ஒரு வாகனத்தில் வரும் பழுது சும்மா வருவதில்லை. அதை எந்தக் காலத்தில், எந்தத் தட்டுப்பாட்டில், யாருக்காகச் செய்தார்கள் என்று தெரிந்தால் அது எங்கே பழுதாகும் என்பதும் தெரிந்துவிடும். ரேஞ்ச் ரோவர் அதற்கு நல்ல உதாரணம்.

1. உருக்குத் தட்டுப்பாட்டில் பிறந்த குடும்பம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது பிரித்தானியாவிடம் பணமும் இருக்கவில்லை, உருக்கும் போதவில்லை. உருக்கு பங்கீட்டில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே முதலிடம். ரோவர் கம்பனி அதுவரை வசதியான நடுத்தர வகுப்பினருக்கு அமைதியான கார்களைச் செய்து வந்த கம்பனி. அதன் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸில் உள்ள அங்கிள்சி தீவில் ஒரு காணி இருந்தது. அங்கே வேலைக்கு யுத்தத்தில் மிஞ்சிய ஒரு அமெரிக்க ஜீப்பைப் பாவித்தார். இது உடைந்தால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் லேண்ட் ரோவர் பிறந்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள். நாம் சுதந்திரம் பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

உருக்கு போதாததால் அடிச்சட்டத்தை, அதாவது சேஸியை, மட்டும் உருக்கில் செய்துவிட்டு, உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தட்டுப்பாட்டுக்காக எடுத்த அந்த முடிவு பின்னர் ஒரு பெருமையாக மாறியது. "லேண்ட் ரோவர் கறள் பிடிக்காது" என்று எங்கள் மலையகத்திலும் சொல்வார்கள். தேயிலைத் தோட்டங்களில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர்களில் சில இன்றும் மலைப் பாதைகளில் ஓடுவதைப் பார்க்கும்போது அந்தப் பேச்சில் உண்மை இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அது பாதி உண்மை. அலுமினியம் கறள் பிடிக்காது. அதற்கு உள்ளே இருக்கும் உருக்கு கறள் பிடிக்கும்.

2. 1970: கமக்காரருக்கும் கனவானுக்கும் ஒரே வாகனம்

1960களில் ரோவரின் பொறியியலாளர்களான ஸ்பென் கிங், கோர்டன் பாஷ்ஃபோர்ட் இருவரும் புதிதாக ஒன்றை முயன்றார்கள். லேண்ட் ரோவர் போகும் இடமெல்லாம் போக வேண்டும், ஆனால் நெடுஞ்சாலையில் கார் மாதிரி ஓட வேண்டும். அதற்காக லீஃப் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக நீண்ட கொயில் ஸ்பிரிங், நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், எப்போதும் நான்கு சில்லுக்கும் போகும் இழுவை. உருவத்தை டேவிட் பாஷ் செதுக்கிச் சீராக்கினார். 1970 ஜூனில் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. பாரிஸ் லூவ்ர் நூதனசாலையிலும் கைத்தொழில் வடிவமைப்புக்கு ஒரு முன்மாதிரியாக அதைக் காட்சிக்கு வைத்தார்கள்.

இன்று ஆடம்பரத்துக்கு உதாரணம் சொல்லும் அந்தப் பெயரின் முதல் வாகனத்தில் தோல் இருக்கை கிடையாது. வினைல் இருக்கை, றப்பர் தரை. சேறோடு ஏறி, பின்னர் குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவலாம். கதவும் இரண்டுதான். ஸ்பென் கிங் முதுமையிலும் இதை மறக்கவில்லை. இவ்வகை வாகனங்களை அந்தஸ்துக்காக வாங்கி நகரத்துக்குள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போவதை அவர் பகிரங்கமாகவே கண்டித்தார்.

இந்த முதல் தலைமுறையை இப்போது "கிளாசிக்" என்கிறார்கள். இதன் முதலாவது நோய் கறள். வெளித்தகடுகளில் பெரும்பாலானவை அலுமினியம், உள்ளே அவற்றைத் தாங்கும் கூடு உருக்கு. விஞ்ஞானப் பாடத்தில் எளிய மின்கலம் செய்கிறோமல்லவா? இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. அலுமினியமும் உருக்கும் தொடும் இடத்தில் பெயின்ட் விட்டு ஈரம் புகுந்தால், அலுமினியம் வெள்ளைத் தூளாகக் கரையத் தொடங்கும். சேறு தங்கும் இடங்களில் உருக்குக் கூடு தன் பாட்டில் உக்கும். பின்கதவின் கீழ் ஓரம், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, கால் வைக்கும் தரை, பின்புறச் சாமான் தரை, போனட்டுக்குக் கீழே உட்பக்கத் தகடு, இவைதான் வழக்கமான இடங்கள். வெளித்தகடு அலுமினியம் என்பதால் உள்ளே உக்கியது வெளியே தெரியாது. சாதாரணக் காரில் கறள் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து எமக்குச் சொல்லும். இந்த வாகனம் சொல்லாது.

3. அமெரிக்கா கைவிட்ட எஞ்சின்

ரேஞ்ச் ரோவரின் இதயம் ஒரு அமெரிக்க எஞ்சின். ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் பியூயிக் பிரிவு 1961இல் முழுவதும் அலுமினியத்தில் வார்த்த ஒரு சிறிய வி8 எஞ்சினைக் கொண்டு வந்தது. பாரம் குறைவு, பலம் அதிகம். ஆனால் வார்ப்பில் கழிவு அதிகம், செலவும் அதிகம். 1963உடன் அதைக் கைவிட்டார்கள். ரோவரின் முகாமைப் பணிப்பாளர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அமெரிக்கா போன இடத்தில் அந்த எஞ்சினைக் கண்டார். 1965இல் அதைச் செய்யும் உரிமையை ரோவர் வாங்கியது. 3528 சிசி அளவில் 1967இல் ரோவர் காரிலும், 1970இல் ரேஞ்ச் ரோவரிலும் அது வந்தது.

நல்ல எஞ்சின்தான். நாற்பது வருடத்துக்கு அண்மித்த காலம் அதை உற்பத்தி செய்தார்கள். ஆனால் அதன் உடல் அலுமினியம், பிஸ்டன் ஓடும் குழாயின் உட்சுவர் இரும்பு. இந்த இரும்புச் சுவரை "லைனர்" என்பார்கள். சூடு ஏறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் பிரச்சினை இல்லை. தண்ணீர் குறைந்து ஒரு தடவை கொதித்துவிட்டால் ஹெட் கேஸ்கட் போகும், லைனரைப் பிடித்திருக்கும் பிடியும் தளரும்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். வாகனம் பாரமாகப் பாரமாகக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. புது எஞ்சின் செய்யப் பணம் இருக்கவில்லை. பழைய எஞ்சினின் துளையையே 88.9 மில்லிமீற்றரிலிருந்து 94 மில்லிமீற்றராகப் பெருப்பித்து 1989இல் 3.9 லீற்றர் ஆக்கினார்கள். பின்னர் 4.6 லீற்றர் வரை போனார்கள். துளை பெருத்தால் சுவர் மெலியும் என்பதற்குக் கணக்கு ஆசிரியர் தேவையில்லை. அதனால்தான் பிந்திய எஞ்சின்களில் லைனருக்குப் பின்னால் வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே போவதும், லைனர் தளர்ந்து "டிக் டிக்" என்று தட்டுவதும் முந்தியவற்றைவிட அதிகம் கேட்கப்படுகின்றன.

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேற்றர் குழாய் கல் மாதிரி இறுகுகிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? அப்படியானால் இந்த நோய் என்று சந்தேகிக்க வேண்டும். கேஸ்கட் மட்டும் என்றால் திருத்தலாம். லைனர் என்றால் எஞ்சினைக் கழற்றி, மேலே விளிம்பு வைத்த புதிய லைனர்கள் போட வேண்டும். அந்தச் செலவு சில வேளை வாகனத்தின் விலையையே தொடும்.

இன்னொன்று, இந்த எஞ்சினில் ஒயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டால் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு தேயும். சத்தம் பெரிதாக வராது. பலம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

4. பாரம் கூடினால் எங்கோ ஒன்று உடையும்

1971 டிசம்பரில் பிரித்தானிய இராணுவக் குழுவொன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களுடன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டது. தென் அமெரிக்காவின் தெற்கு முனை வரை போக வேண்டும். நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் டேரியன் என்ற பாதையே இல்லாத சதுப்புக் காடு. அதைக் கடக்க மட்டும் ஏறத்தாழ நூறு நாட்கள் போயின. சதுப்புக்கென்று பெரிய அகலமான டயர்களைப் போட்டிருந்தார்கள், சாமானும் அளவுக்கு மேல். விளைவாக, சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்கள் உடைந்தன. புதிய பாகங்களை விமானத்தில் கொண்டுவந்துதான் பயணம் தொடர்ந்தது. 1972 ஜூனில் தெற்கு முனையை அடைந்தார்கள்.

இதை வெற்றிக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எமக்கு அதில் வேறொரு பாடம் தெரிகிறது. ஒரு பாகம் எந்தப் பாரத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டதோ, அதை மாற்றினால் பலவீனமான இடம் வெளியே வரும். இன்று எமது இளைஞர்கள் அழகுக்காகப் பெரிய டயர் போடும்போது இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

டேரியனில் டயர் செய்ததை, பிறகு ஆடம்பரம் செய்தது. 1973க்குப் பின் எண்ணெய்ப் பணம் பெருகிய வளைகுடா நாடுகளில் இந்த வாகனத்துக்கு மவுசு ஏறியது. அவர்களுக்கு நான்கு கதவு வேண்டும், ஏசி வேண்டும், தோல் இருக்கை வேண்டும். ரோவரைச் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனமோ நட்டத்தில் மூழ்கி, 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பணம் இல்லாததால் வெளியார் அந்த வேலையைச் செய்தார்கள். 1980இல் சுவிட்சர்லாந்தின் மொன்டெவேர்டி கம்பனி நான்கு கதவு செய்து விற்றது. 1981இல்தான் தொழிற்சாலையே நான்கு கதவு கொடுத்தது. 1982இல் ஒட்டோ கியர், 1985இல் பெற்றோல் இன்ஜெக்ஷன், 1987இல் அமெரிக்கச் சந்தை என்று அடுத்தடுத்து வந்தன.

ஒவ்வொரு வசதியும் ஒரு பாரம். ஏசியின் கொண்டென்சர் ரேடியேற்றருக்கு முன்னால் உட்கார்ந்து சூட்டைக் கொடுக்கும். ஒட்டோ கியரும் சூட்டை உண்டாக்கும். அந்தச் சூட்டையெல்லாம் தாங்க வேண்டியது அதே அலுமினிய எஞ்சின். வாப்பா பாலைவனத்தில் ஏன் வெப்பமானியிலேயே கண் வைத்திருந்தார் என்று இப்போது விளங்குகிறதா?

5. காற்றில் நிற்கும் வாகனம்

1992இல் நீளமான ஒரு ரேஞ்ச் ரோவரில் கொயில் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, காற்று நிரப்பிய றப்பர் பைகளைப் போட்டார்கள். 1994இல் வந்த இரண்டாம் தலைமுறையில் எல்லா வாகனத்துக்கும் அதுதான். இந்தத் தலைமுறையின் பெயர் பி38ஏ. நானா பார்த்த 1997 வாகனம் இந்த வகைதான். கரடுமுரடான பாதையில் உயரும், வேகப் பாதையில் தாழும், ஆட்கள் இறங்க ஏற இன்னும் பதியும். அந்தக் காலத்தில் அதிசயம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு சிறிய கொம்ப்ரெசர் காற்றை அமுக்கி ஒரு தாங்கியில் சேர்க்கும். வால்வுப் பெட்டி ஒன்று அதை நான்கு பைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் உள்ள உணரி உயரத்தைச் சொல்லும். கொம்பியூட்டர் கணக்குப் பார்க்கும். எல்லாம் சரி, ஆனால் றப்பருக்கு வயது உண்டு. பைகள் மடியும் இடத்தில் வெடிக்கும். வால்வுப் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஓ-ரிங்குகள் வருடக்கணக்கில் நசுங்கித் தட்டையாகும். காற்று மெல்லக் கசியும். இரவு நிமிர்ந்து நின்ற வாகனம் காலையில் ஒரு பக்கம் குந்தியிருக்கும்.

பலர் செய்யும் பிழை இதற்குப் பிறகுதான் வருகிறது. கசிவைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். குறைந்த காற்றை நிரப்பக் கொம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும். ஓடி ஓடி அதன் உள்ளே இருக்கும் சீல் தேயும். பிறகு அது நிரம்பாது, கொம்பியூட்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகாதே என்று எச்சரிக்கை காட்டும். உடனே, "கொம்ப்ரெசர் போய்விட்டது" என்று புதியதைப் போடுவார்கள். கசிவு அப்படியே இருப்பதால் அதுவும் சில மாதத்தில் போகும். சவர்க்கார நீரைப் பூசிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்திருந்தால் ஓ-ரிங் செலவோடு முடிந்திருக்கும்.

சிலர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் கொயில் ஸ்பிரிங் போடுவார்கள். அது தவறில்லை. எமது பாதைகளுக்கு அதுவே நிம்மதி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் விற்கும்போது அதைச் சொல்ல வேண்டும்.

6. தூங்காத மூளை

பி38ஏயின் கதவுப் பூட்டு, கண்ணாடி, விளக்கு, அலாரம் எல்லாவற்றையும் முன் இருக்கைக்குக் கீழே உள்ள ஒரு கொம்பியூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது. நிறுத்திச் சில நிமிடத்தில் அது தூங்கிவிட வேண்டும். ஆனால் ரிமோட் சாவியின் அலையைப் பிடிக்கும் சாதனம், அக்கம்பக்கத்திலிருந்து வரும் வேறு வானொலி அலைகளையும் சாவி என்று நினைத்து மூளையைத் தட்டி எழுப்பும். இரவு முழுக்க இப்படி எழுந்து எழுந்து தூங்கினால் காலையில் பெட்டரி இறந்திருக்கும். பிந்திய காலத்தில் அந்தச் சாதனத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். பழைய சாதனம் உள்ள வாகனங்களில் இன்றும் இந்தப் பிரச்சினை உண்டு.

பெட்டரி பலவீனமானால் இந்த வாகனம் ஒரே நேரத்தில் பத்துப் பழுதைக் காட்டும். கியர் பழுது, சஸ்பென்ஷன் பழுது, சாவியை அடையாளம் தெரியவில்லை என்றெல்லாம் வரும். அனுபவமுள்ளவர்கள் முதலில் பெட்டரியையும் அதன் கம்பித் தொடுப்புகளையும்தான் பார்ப்பார்கள். அனுபவமில்லாத இடத்தில் ஒவ்வொரு பெட்டியாக மாற்றுவார்கள், பில்லும் ஏறிக்கொண்டே போகும்.

டாஷ்போட்டுக்கு உள்ளே ஹீட்டர் குழாய் தொடுக்கும் இடத்திலும் இரண்டு ஓ-ரிங் உண்டு. அவை போனால் எஞ்சின் தண்ணீர் கசிந்து முன் காப்பெட்டில் இறங்கும். காப்பெட் ஈரமாக இருந்தால் மழை என்று விட்டுவிடாதீர்கள்.

7. காலையில் பார்த்த வாகனம்

இனி நானாவின் கதைக்கு வருகிறோம். நாம் அழைத்துப் போனவர் எமது பழைய மாணவர். இப்போது சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறார். ஒன்பதாம் தரத்தில் அவரைப் பார்த்து, "நீ கராஜுக்குத்தான் லாயக்கு" என்று ஏசியது நாம்தான். அன்று அதை ஏச்சாகச் சொன்னோம். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை அவர் வேலை செய்வதைப் பார்த்த அந்தக் காலையில் விளங்கிக்கொண்டோம். அதை அவரிடம் சொல்லவும் செய்தோம். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

போக முன்னரே ஒன்று சொன்னார். "ஸேர், காலையில எஞ்சினச் சூடாக்காம வைக்கச் சொல்லுங்க. எங்களுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணட்டும்." சுபஹ் தொழுதுவிட்டுப் போனோம். ஆனாலும் போனட்டில் கை வைத்தபோது சூடு இருந்தது. அவர் எம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

காப்பெட்டைத் தூக்கினார், ஈரம். திருப்புளியின் பிடியால் தரையைத் தட்டினார், ஒரு இடத்தில் சத்தம் மாறியது. சாவியைப் போட்டபோது எரிந்து அணைய வேண்டிய எச்சரிக்கை விளக்குகளில் ஒன்று எரியவே இல்லை. பல்பு கழற்றப்பட்டிருந்தது. தண்ணீர்த் தாங்கிக்குள் விரல் விட்டார், மண்ணிறமான பசை ஒட்டிக்கொண்டு வந்தது. கசிவை அடைக்க ஊற்றும் மருந்து அது. அதன் பிறகு எஞ்சினைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

நானா அந்த வாகனத்தின் மறுபக்கம் நின்று தோல் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

விற்க வந்தவரும் எம்மவர்தான். பல வருடம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசில் இதை வாங்கியிருந்தார். அவருக்கு விற்றவர் எதையும் சொல்லவில்லை. பசை ஊற்றியதும் பல்பைக் கழற்றியதும் தனக்கு முந்திய கை என்றார். அதை நாம் நம்புகிறோம். ஆனால் காலையில் எஞ்சினைச் சூடாக்கி வைத்தது அவருடைய கைதான். தான் விழுந்த குழியில் இன்னொருவரை இறக்கிவிட்டுத் தான் ஏறிவர நினைத்தார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். நனைந்தது அவருடைய குற்றமில்லை. நனைந்ததைக் கீழே போட்டுக் காய்ந்ததை மேலே காட்டியதுதான் குற்றம். வாகனத்திலும் அப்படித்தான். றப்பர் வெடிப்பதும் இரும்பு கறள் பிடிப்பதும் குற்றமல்ல. முப்பது வருட வாகனத்துக்கு அது இயற்கை. பல்பைக் கழற்றுவதுதான் குற்றம். இதை அவரிடம் ஓதிக் காட்டப் போகவில்லை. எமது மாணவர் ஒரு கடதாசியில் பழுதுகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் உத்தேசச் செலவையும் போட்டு அவர் கையில் கொடுத்தார். அவர் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் மீண்டும் விளம்பரம் போட்டிருந்தார். அதே படங்கள். ஆனால் கீழே அந்தக் கடதாசியில் இருந்த பழுதுகள் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதப்பட்டிருந்தன. விலை முன்னையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். தூர ஊரில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் கியர்பொக்ஸுக்கும் கதவுகளுக்குமாகத் தெரிந்தே வாங்கிப் போனாராம். அவருக்கு ஏற்பட்ட நட்டம் பெரியது. அல்லாஹ் அதைவிடச் சிறந்ததை அவருக்குக் கொடுக்கட்டும்.

நானா இன்னும் தன் பழைய மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். ஒரு கிழமை எம்முடன் சரியாகப் பேசவில்லை. பிறகு ஜும்ஆவுக்குப் பின் கையைப் பிடித்துக்கொண்டு மகளின் கலியாணத் திகதியைச் சொன்னார்.

பழைய ரேஞ்ச் ரோவரை யாரும் வாங்கவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. அதன் வரலாறு தெரிந்து, நேரமும் பணமும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். கவனமாகப் பராமரித்தவை இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் வீட்டில் ஒரே ஒரு சேமிப்பு உள்ளவர் ஆடம்பரத்தின் விலை குறைந்ததைப் பார்த்து ஏமாறக்கூடாது. வாகனத்தின் விலைதான் குறைந்தது. அதன் பாகங்களின் விலை குறையவில்லை.

வாங்குபவர்கள் காலையில், குளிர்ந்த எஞ்சினோடு, தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் போய்ப் பாருங்கள். அவருடைய அரை நாள் கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள். விற்பவர்கள் காப்பெட்டை நீங்களே தூக்கிக் காட்டுங்கள். எமது ஊர்க் கராஜ்களில் வேலை செய்யும் தம்பிமார், உங்களுக்குத் தெரிந்த வேறு வாகனங்களின் நோய்களையும் கீழே எழுதுங்கள். நாம் பாடசாலையில் படிப்பிக்காத வரலாறு உங்கள் கையில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.